கணினியின் ஏற்புரை

அன்று மாலை ஐந்து மணிக்குள் சித்ரலேகா இடமாறுதல் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். விட்டால் இன்னும் ஒரு வருஷம் ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூட ஆபீசிலேயே கிடக்க வேண்டியதுதான். மூன்று வயது மகள் நாகர்கோவிலில் இவள் கணவனோடு இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது இவளைப் பார்த்து 'அத்தை' என்றாள். அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரோ ஐந்து நிமிஷம் ஓடும், அப்படியே உறைந்து நிற்கும். அணைத்துப் போட்டால் மறுபடி ஐந்து நிமிஷம். விண்ணப்பம் ஏழு பக்கம், மூன்றாவதைத் தாண்டவில்லை. விண்ணப்பம் போடும் லாகின் வேறெந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்காது. திங்கட்கிழமை சிஸ்டம் மென்பொருளைப் புதுசாக மாற்றியதிலிருந்துதான் இந்தக் கூத்து என்பதால் பழி முழுக்க அதன் தலையில் விழுந்தது.

நாலரைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரசீத் வந்தான். மேஜைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டவன் கையை உதறினான்.

"என்ன சார், தோசைக்கல்லாட்டம் கொதிக்குது? காத்து போற ஓட்டைய மூடி யாரு பொன்னாடை போத்துனது?"

"நாந்தான்," என்றார் தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம், பெருமையாகவே. பொன்னாடை போர்த்த ஆள் கிடைத்தால் மனுஷர் சோறு தண்ணி மறந்துவிடுவார். "புது சிஸ்டம் ஏறியிருக்குல்லா? பதவி உயர்வு மாதிரிதானே. மரியாத செய்யாண்டாமா?"

ரசீத் சால்வையை உருவப் போனான். சார் பதறிவிட்டார்.

"கைய எடும்வே! போத்துனத அடுத்தவன் உருவுனா அவமரியாத. யாருக்குப் போத்துனமோ அவங்களே ஏற்புரை சொல்லிட்டுக் கழத்தணும். அதான் முறை."

"இதுக்கு வாயும் இல்ல, கையும் இல்லயே சார்!"

"அப்ப அது சார்பா யாராவது பேசுங்க."

ரசீத் தொண்டையைக் கனைத்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தான். "விழாத் தலைவர் பேர விட்டுட்டீரே. முதல்லருந்து வாரும்," என்றார் சார். மணி நாலு நாற்பது. சித்ரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள்.

"தலைமையாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஆபீஸ் கம்ப்யூட்டர் பேசுதேன். மரியாத போதும் சார், மூச்சு முட்டுது. நின்னா அணச்சு அணச்சு எழுப்புதீங்க. ஏன் நிக்கேன்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு நாகர்கோவில்ல ஒரு பிள்ள இருக்கு..."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்ப்யூட்டருக்கு ஏது பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. திருஞானசம்பந்தம் மெல்லக் குனிந்து, நழுவாமல் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சால்வையைத் தம் கையாலேயே எடுத்தார். தம் மேஜை விசிறியையும் கொண்டுவந்து பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஏழாம் பக்கம் முடிந்தபோது நாலு ஐம்பத்தாறு. கடைசியில் திரை தலைமையாசிரியரின் ஒப்புதலைக் கேட்டது. சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். இவள் போய்விட்டால் ஆபீசை யார் பார்ப்பது என்று கேட்கத்தான் வாயெடுத்தார். சித்ரலேகாவின் முகத்தைப் பார்த்ததும் மவுஸைப் பிடித்து அழுத்தினார். விண்ணப்பம் போய்விட்டது.

"பிள்ள பேரு என்னம்மா?" என்றார் பைய.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"கோமதி சார்," என்று சொல்வதற்குள் அவள் விசும்பிவிட்டாள்.