ஒற்றை நாற்று

1912இல் சர்க்காரின் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து மாசிலாமணி என்கிற உத்தியோகஸ்தர் ஊருக்கு வந்து, இடத்துக்கு ஒரே நாற்று நட்டால் நெல் கூடுதலாக விளையும் என்றார். கொத்துக் கொத்தாக நட்டுப் பழகிய ஊர் சிரித்தது. புருஷனை இழந்து தனியே பயிர்செய்த யூனிஸ் மட்டும் ஒரு வயலைக் கொடுத்தாள். அவளிடம் இருந்த விதைநெல் ஒற்றை நாற்றாக நடுவதற்குத்தான் போதும்.

“வயலுக்கு மொட்டை போட்டாச்சா, மதினி?” என்று பக்கத்து வயல் பவுல்ராஜ் தினமும் விசாரித்தார்.  யூனிஸ் தன்பாட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சினாள்.

அறுப்பில் யூனிஸ் வயலில் பவுல்ராஜ் வயலைவிட இரண்டு கோட்டை நெல் கூடுதலாகக் கண்டது. அவர் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார்.

மறுவருஷ நடவுக்கு மாசிலாமணி வந்தார். பவுல்ராஜ் அவரை எதிர்கொண்டு விளக்கினார்: “ஒத்த நாத்துதான் நடணும் அய்யா. எங்க அப்பா காலத்துலருந்தே இப்படித்தான் நடுதோம்.”

மாசிலாமணி அதை மரியாதையாக நோட்டில் எழுதிக்கொண்டார். யூனிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.