இரண்டு கலண்டர்கள்

"அம்மா, ஓம் எண்டு அமத்தட்டோ?"

ஆரபி குசினிக்குள் ஓடிவந்தபோது உதயகுமாரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், பன்னிரண்டு கடந்து கொஞ்ச நேரம். மகளின் கையில் தொலைபேசி, விரல் அதன் திரையை அழுத்தத் தயாராக. முகத்தில் மூன்று கிழமையாகக் காணாமற்போயிருந்த சிரிப்பு.

அந்த மூன்று கிழமையும் ஒஸ்லோவின் ஒரு மூலையில், ரொம்சோஸில் இருந்த அந்த வீட்டில் வேறு கதையே கிடையாது. ஆரபிக்குக் கப்பல் கட்டும் பொறியியல் படிக்கவேண்டும். அது இருப்பதோ வடக்கே, ரயிலில் ஏழு மணித்தியாலம் போகவேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில். கிடைத்தது இரண்டாவதாகப் போட்டிருந்த ஒஸ்லோ கணினிப் பொறியியல். முதலாவதுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பத்தொன்பதாவது ஆள். 'உங்களுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடம் வழங்கப்பட்டுள்ளது' என்று வந்த செய்தியை அரைகுறையாக வாசித்துவிட்டு, பஸ் ஓட்டுகிற தகப்பன் சோதிலிங்கம் கோயிலில் பாதிச் சனத்துக்கு மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதென்று சொல்லி, அடுத்த கிழமை அதே சனத்துக்கு முன்னால் அசடு வழிய நின்றார். பிறகு பத்தொன்பது இருபத்திரண்டாக மாறியது. முன்னுக்குப் போகவேண்டிய பிள்ளை எப்படிப் பின்னுக்குப் போகும்? எழுதிக் கேட்டால், 'இந்த இலக்கம் உங்கள் வாய்ப்பைக் காட்டாது' என்று பதில். அப்ப என்ன கோதாரிக்கு இலக்கம்? ஒஸ்லோ இடத்தை ஏற்றால் பட்டியலுக்குப் பாதிப்பில்லை என்று ஒரு செய்தி. ஏற்றவர்கள் தங்கள் விருப்பத்தைத் திரும்ப உறுதிசெய்யவேண்டும் என்று இன்னொன்று. சாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி மூன்று பேரும் மேசையைச் சுற்றியிருந்து ஒவ்வொரு வரியாக அலசினார்கள்.

இன்றைக்கு வந்ததும் அந்தச் சாதிதான். 'சில இடங்கள் இருக்கக்கூடும். இன்னும் விருப்பமென்றால் இன்று பதிலளியுங்கள். இது உறுதியான இடமல்ல.'

"இடம் இருக்காம், ஆனா இல்லையாம்," என்று ஆரபி சிரித்தாள். "எண்டாலும் ஓம் சொல்லத்தானே வேணும்? நேரத்தைப் பாருங்கோ அம்மா."

நல்ல காரியம் எதையும் தாயிடம் நேரம் கேட்காமல் ஆரபி தொடங்கமாட்டாள். கார் ஓட்டும் பரீட்சையில் ஒருதரம் ராகுகாலத்தில் போய்க் கோட்டைவிட்டாள். அடுத்த தரம் தாய் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சித்தியடைந்தாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை, பாதி பகிடிக்கு என்றாலும், கேட்பாள்.

குசினிச் சுவரில் இரண்டு கலண்டர்கள் தொங்கின. ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, நாள்தோறும் தாள் கிழிக்கிற கலண்டர். மற்றது கோயிலில் கொடுத்தது, ஒஸ்லோச் சூரியனுக்குக் கணித்தது. ஒஸ்லோக் கோடைச் சூரியன் படுக்கைக்குப் போகவே மனமில்லாதது. அதனால் இங்கத்தைய ராகுகாலமும் இரண்டு மணித்தியாலத்துக்கு இழுபடும். "இந்த ராகுவுக்கு வேலைவெட்டி இல்லை" என்று சொல்லி, இத்தனை வருடமும் யாழ்ப்பாணக் கலண்டரைத்தான் உதயகுமாரி பார்த்துவந்தாள். அதன்படி வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது.

அவளுடைய கண் கோயில் கலண்டருக்குப் போனது. அதில் ஒன்றரை வரைக்கும் ராகுகாலம்.

"ஒண்டரை மட்டும் பொறு பிள்ளை. ராகுகாலம்."

"அவ்வளவு நேரமோ?"

"இண்டைக்கெண்டுதானே போட்டிருக்கு. ஒண்டரையும் இண்டைக்குத்தானே?"

ஆரபி தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். உதயகுமாரி வெங்காயத்தை முடித்து, தேவையில்லாமல் இன்னொன்றையும் எடுத்து வெட்டினாள். மூத்தவன் ரிசாந் தூரத்துப் பேர்கன் நகருக்குப் படிக்கப் போனவன் போனவன்தான். அங்கேயே வேலை, அங்கேயே கலியாணம், நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் வந்து விருந்தாளி மாதிரிக் கதிரை நுனியில் இருப்பான். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு கதைப்பது? அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதாவது நடந்து எல்லாம் குழம்பிப் போகட்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்தாள்தான், பெத்த தாய்.

ஒன்றரைக்கு ஆரபி பதில் அனுப்பினாள். பின்னேரம் செய்தி வந்தது: இருந்த இடங்கள் பதில் வந்த வரிசையில் கொடுத்து முடிந்துவிட்டன. நீங்கள் இப்போது பட்டியலில் முதலாவது.

ஆரபி சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளோ வந்து தாயின் பக்கத்தில் இருந்துகொண்டு, "உங்கட பிழையில்லை அம்மா. நான்தான் அதை வடிவா விளங்கிக்கொள்ளேல்லை," என்றாள். சோதிலிங்கம் வேலையால் வந்து, "ராகுகாலத்திலை அமத்தியிருந்தா இதைவிட மோசமாப் போயிருக்கும்," என்று ஆறுதல் சொன்னார். உதயகுமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மகளின் பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தாள். கும்பிடக் கையெடுத்தபோது எதைக் கேட்பதென்று தெரியாமல் வெறுமனே நின்றாள். இரண்டு கலண்டரும் அறிந்த ஒன்றை ஐயருக்கும் சொல்லமுடியாது, கட்டின மனுசனுக்கும் சொல்லமுடியாது.

திங்கள் காலை எட்டு மணி. சோதிலிங்கம் வேலைக்குப் போய்விட்டார். உதயகுமாரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தமுறை ஆரபி ஓடிவரவில்லை. குசினி வாசலில் வந்து நின்றாள்.

"திருப்பி வந்திருக்கு அம்மா. ஒராள் விலகிட்டாராம். முதல் பதில் அனுப்புற ஆளுக்குத்தானாம். இன்னும் மூண்டு பேருக்கும் அனுப்பியிருக்கினம்." தொலைபேசியைத் தாயிடம் நீட்டிக் காட்டினாள். "இப்ப நேரம் எப்பிடி?"

திங்கள் எட்டு மணிக்குக் கலண்டர் பார்க்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கும் ராகுகாலம், ஒஸ்லோவுக்கும் ராகுகாலம். வெள்ளிக்கிழமை தன் கலண்டரில் இல்லாததைச் சொன்ன வாய். இன்றைக்கோ உள்ளது முழுசாக வந்து நிற்கிறது. கூடாத நேரத்தில் தொடங்கிப் பிள்ளைக்கு அங்கே பனியில், கடலில், ஒன்று கிடக்க ஒன்று நடந்தால்? அந்தப் பழியையும் தானே சுமக்கவேண்டியதுதான்.

கேத்திலை வைத்துவிட்டு, சுவரோடு போய் முதுகைக் கொடுத்து நின்றாள். இரண்டு கலண்டரும் அவளுக்குப் பின்னால் மறைந்தன.

"நல்ல நேரம்தான். அமத்து."

ஆரபி தாயின் முகத்தையே பார்த்தாள். திங்கள் காலை என்ன நேரமென்று அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது.

"வடிவாப் பாத்தனீங்களோ அம்மா?"

"பாத்தனான். அமத்து பிள்ளை, கெதியா."

ஆரபி அமத்தினாள். திரையில் சின்ன வட்டமொன்று சுற்றத் தொடங்கியது. திறந்திருந்த யன்னலால் காற்று வந்தது. அன்றைக்குக் கிழிக்காமல் விட்ட தாள் படபடத்து உதயகுமாரியின் பிடரியில் உரசிக்கொண்டிருந்தது. அவள் சுவரை விட்டு அசையவில்லை.