சிட்டுவிடம் சொல்லிக்கொண்டு

1

அந்த வெள்ளிக்கிழமை அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புதிதாகச் சாட்சிக்கு வரக்கூடாது. பத்து மாதப் பேத்தி சிட்டு. குழந்தைகள் காப்பகம் நடத்தும், ஊரே பெரியக்கா என்று கூப்பிடும் அம்மாள். தவழும் பிள்ளைகள் நால்வர். அரையடி முக்காலியில், முதுகு வளையாமல், நான். இந்தக் கதை பிறந்ததே சம்பந்தியம்மாள் தொலைபேசியில் பரப்பும் ஒரு பேச்சால்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். குடும்ப மானம் சம்பந்தப்பட்டது.

2

முதல் தொடக்கம்: கதிரவன் தன் பொற்கரங்களை...

(அடித்துவிட்டேன். அன்று மழை.)

இரண்டாவது: என் மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திங்களன்று திரும்பியாக வேண்டும். வெள்ளிக்குள் சிட்டு காப்பகத்தில் ஒட்டாவிட்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அம்மா இடுப்பை விட்டுச் சிட்டு இறங்கமாட்டாள். ஆகவே பழக்கிவிடும் பொறுப்பு என் தலையில்.

(நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்னும் வாசகருக்கு: என் இடுப்பெலும்பில் ஆபரேஷனில் வைத்த தகடு இருக்கிறது. தூக்க முடியும், துரத்த முடியாது.)

3

வீட்டு ஆள் மூன்று நாள் கூடவே உட்கார வேண்டும், நான்காம் நாள் கிளம்ப வேண்டும் என்பது அங்கே முறை. வியாழனன்று சிட்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் நழுவினேன். அழக்கூடாதே என்றுதான். அன்று அவள் பால் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"ஐயா, திருடன் மாதிரியா நழுவுறது? சொல்லிட்டுப் போங்க" என்றார் பெரியக்கா.

"பத்து மாசக் குழந்தைகிட்டயா?"

"அவளும் உங்க வீட்டு ஆள்தானே? சொல்லாமப் போனா, எப்போ காணாமப் போவீங்களோன்னு உங்களையே காவல் காப்பா. அப்புறம் எப்படி விளையாடுவா?"

(அடிக்குறிப்பு: எங்கள் குடும்பத்தில் ஆண்கள் எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டதில்லை. என் மனைவி கேட்டபோதெல்லாம் நான்... இந்த வாக்கியம் வேண்டாம்.)

4

இந்த இடத்தில் கதாநாயகன்மேல் எனக்கே சந்தேகம். இந்தக் கிழவன் குனிவானா?

குனிந்தான். சரி, வெள்ளிக்கிழமை காலை குனிந்தேன். தகடு எதிர்த்தது.

"சிட்டும்மா, தாத்தா போயிட்டு வரேன். நீ சாப்பிட்டதும் வந்துடுவேன்."

தவழும் பிள்ளைகள் நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சிட்டு உதடு பிதுக்கி அழுதாள். கவனியுங்கள்: கதவைப் பார்த்தல்ல, பெரியக்காவின் தோளில் முகம் புதைத்து.

எதிர்ப்பக்கப் பெஞ்சில் குடைக்கடியில் மூன்று மணி நேரம். கதவைத் திறந்தபோது அவள் வாயெல்லாம் சோறு. என்னைக் கண்டதும் ஓவென்று அழுதபடி தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"தோத்துட்டோமா?"

"ஜெயிச்சுட்டீங்க ஐயா! ரெண்டு கிண்ணம் காலி, முக்கால் மணி நேரம் தூக்கம். இப்போ அழுறது கணக்குல வராது. இது உங்களுக்குன்னு எடுத்து வச்ச அழுகை."

தூக்கினேன். ஒரு நிமிடம்தான். பிறகு என் மூக்கைத் தள்ளிவிட்டு இறங்கிக் கட்டைகளிடம் போய்விட்டாள். பட்டாளத்தையே வென்றவன் போல் நின்றேன்.

5

மகள் ஓடிவந்து என் காலில் விழுவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். அவளோ திங்களன்று வெள்ளைக் கோட்டை மாட்டி, சிட்டுவிடம் சொல்லிக்கொண்டு, என்னைத் திரும்பியும் பாராமல் பேருந்து பிடித்தாள்.

இன்னொரு முடிவு: பத்திரிகை வாங்கக் கிளம்பியவன் சமையலறைப் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றேன். "யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள் மனைவி. இதைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

சம்பந்தியம்மாளின் பேச்சுக்கு வருகிறேன். பேத்தியைக் காப்பகத்தில் தள்ளிவிட்டுக் கிழவர் ஓடிவந்துவிட்டாராம். வியாழக்கிழமைக்கு அது பொருந்தும். வெள்ளிக்கிழமை நான் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.