வகுபடாத நம்பர்

அன்றைக்கு எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி வாங்க வர வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். மற்றவர் ஒரு கணக்கு டீச்சர். திரையில் இருவர் பெயருக்கும் நேராக ஒரே போன் நம்பர்: 2147483647.

ஒன்பது வருஷமாக எனக்கு மனப்பாடமான அவருடைய நம்பர் இது இல்லை. அவர் கண் சோதனைக்கு எங்கள் கடைக்கு வந்த அன்று நான் லீவு. கூட வேலை பார்க்கிறவள்தான் அவரைக் கவனித்தாள். போன வாரம் எல்லோருடைய விவரத்தையும் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவள்தான். அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. இல்லாத நம்பரை இரண்டு பேர் ஏன் சேர்ந்து கொடுக்க வேண்டும்? பிரேம் சதுரமா வட்டமா எது எடுப்பாக இருக்கும் என்று அவர் நாலு நாள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு ஞாபகம் வந்தது. நாற்பத்தாறு வயதில் யாருக்காக எடுப்பு?

பதினொரு மணிக்கு டீச்சர் வந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"இது உங்க நம்பர்தானே?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவள் சிரித்தாள். "அட, இவரா! இவரை எனக்கு நல்லாத் தெரியுமே."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"இவர் பகா எண்ணுங்க. முப்பத்தோரு ரெண்டைப் பெருக்கி, ஒண்ணைக் கழிச்சா வருவாரு. ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற யாருக்கும் வகுபட மாட்டாரு. உங்க கம்ப்யூட்டர்ல நம்பர் போடுற கட்டம் இவரோட நிரம்பிடுது. இதைவிடப் பெரிய நம்பர் எதைப் போட்டாலும் இவராவே ஆயிடும். மத்தவங்களுக்கும் பாருங்க."

பார்த்தேன். தையல்காரர், லாரி டிரைவர், எங்கள் முதலாளி, நான், எல்லோருக்கும் அவரேதான். எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

"இதுலேர்ந்து அசல் நம்பரைத் திரும்ப எடுக்க முடியுமா டீச்சர்?"

"முடியாதுங்க. தாள்ல எழுதி வச்சிருந்தா உண்டு."

அவள் தன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனதும், வந்தவர்கள் விவரம் எழுதிக் கொடுத்த சீட்டுகளை எடுத்தேன். என் கணவருடைய சீட்டு அவர் கையெழுத்திலேயே இருந்தது. முதல் ஒன்பது எண்ணும் சரி. கடைசியில் ஒன்று வர வேண்டும். தாளில் இருந்தது ஏழு. கொக்கி போட்ட ஒன்றாகவும் இருக்கலாம். அவர் ஒன்றுக்குக் கொக்கி போடுவாரா? இத்தனை வருஷத்தில் நான் பார்த்து வைக்கவில்லை.

பையில் காலையில் அவர் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டு இருந்தது. சோப்பு 3, பல்பு 2, முட்டை 6. ஒன்றும் இல்லை, ஏழும் இல்லை.

சாயங்காலம் கண்ணாடி வாங்க வருவார். ரசீதில் பெயர், பிரேம், பவர் எல்லாம் நானே நிரப்பினேன். அன்று தேதி 17. தேதிக்கான இடத்தை மட்டும் அவரே எழுதட்டும் என்று காலியாக விட்டு, பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தேன்.