செம்புக் குதிரையின் களிம்பு

அப்பா அந்தக் குதிரையைத் தேய்த்தது மரியாதைக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்க வேண்டாம்.

எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையின் உச்சியில் நின்ற செம்புக் குதிரை அது. காற்று வருகிற பக்கம் மூக்கைத் திருப்பும். அப்பாவின் தாத்தா வாங்கி ஏற்றியது. மழையும் பனியும் பட்டு உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. கழுத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டு ஓட்டை. பழம்பொருள் வியாபாரி தேயர் லாத்ரப் சாலையில் போகும்போது அதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை வர்றேன் ஆர்மண்ட், கீழ இறக்கி வைங்க" என்றார்.

வெர்மான்ட்டில் எங்கள் பக்கம் கன்றுக்குட்டியை விற்பதென்றால்கூடக் குளிப்பாட்டித்தான் நிறுத்துவோம். வாங்க வருகிறவரிடம் அழுக்கைக் காட்டுவது கேவலம். அப்பா குதிரையின் மேல் தக்காளி கெட்சப்பைக் கொட்டி, கம்பி நாரால் தோள் வலிக்கத் தேய்த்தார். செம்பு துலக்க எங்கள் வீட்டில் எப்போதும் கெட்சப்தான். குதிரை தகதகவென்று ஆனது.

லாத்ரப் வந்தார், பார்த்தார், சிரித்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க ஆர்மண்ட்! அந்தப் பச்சைக்குத்தானே விலையே. கொன்னுட்டீங்க. இனி இது ஓட்டைச் செம்பு."

"தெரியாமப் போச்சு மிஸ்டர் லாத்ரப். பார்க்க நல்லா இருக்கட்டும்னு..."

"சரி, பாவம். எடைக்குப் போட்டு எடுத்துக்கறேன்."

அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா ஃபோன் செய்தார்: "டெல், உங்கப்பன் ஒரு மடையன்மா. தாத்தா குதிரைய நாசம் பண்ணிட்டேன்." அன்றிலிருந்து அவர் கூரையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. புல் அறுக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய ரேடியோவைத் திருகுகிறார். ஊரில் எவனாவது "என்ன ஆர்மண்ட், இன்னிக்கு எதைத் தேய்ச்சே?" என்று கேட்டால், அவரும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த மே மாதம் மாசசூசெட்ஸில் நடந்த பழம்பொருள் சந்தைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். புதுக் குதிரையானாலும் சரி, ஒன்று வாங்கிக் கூரையில் ஏற்றிவிட வேண்டும் என்று. வயல் முழுக்கக் கூடாரங்கள். மேசைகளில் காற்றடித்தால் கை சுழற்றும் மரப் பொம்மைகள், தகரச் சேவல்கள். அப்பா ஒரு ஹாட் டாக் வாங்கிக் கடித்தபடி வந்தார். திடீரென்று ஒரு கூடாரத்தின் முன் நின்றுவிட்டார்.

உள்ளே, வெல்வெட் விரித்த மேடையில் எங்கள் குதிரை. தலை முதல் வால் வரை பச்சை. கழுத்தில் அதே குண்டு ஓட்டை.

"நம்மளுது மாதிரியே இருக்கு, பாரேன்," என்றார் அப்பா மெதுவாக. "ஆனா நம்மளுதத்தான் நான் கெடுத்துட்டேனே."

மேடைக்குப் பக்கத்தில் லாத்ரப், தொப்பி வைத்த ஒரு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். "நூத்தம்பது வருஷமா யார் கையும் படாத பச்சை மேடம். இந்த ஓட்டை, உள்நாட்டுப் போர்ல ஏதோ ஒரு சிப்பாய் சுட்டது."

"எங்க ரேமண்ட் சித்தப்பா சுட்டது," என்றேன். "சிப்பாயும் இல்ல, போரும் இல்ல. பீர் குடிச்சுட்டு, காக்காய்க்குக் குறி வெச்சாரு."

லாத்ரப் திரும்பினார். அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது. "பொண்ணு ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. ஆர்மண்ட், கூட்டிட்டுப் போங்க."

"டெல், வா போகலாம்," என்றார் அப்பா. அவருக்குத்தான் வெட்கம்! திருடினவன் நிமிர்ந்து நிற்கிறான், பறிகொடுத்தவர் செருப்பைப் பார்க்கிறார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

ஹாட் டாக்கோடு கொடுத்த கெட்சப் பாக்கெட்டுகள் அப்பாவின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தன. ஒன்றை உருவிப் பல்லால் கிழித்துக் குதிரையின் விலாவில் பிதுக்கினேன்.

"ஏய்! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. இந்தப் பச்சைய எந்த டப்பாவுலேர்ந்து எடுத்துப் பூசினீங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லுங்க."

கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தேன். நிஜக் களிம்பை எடுக்க அப்பாவுக்குத் தோள் விட்டுப்போனது. இது என் நாலே இழுப்பில் கைக்குட்டைக்கு வந்துவிட்டது. அடியில் அப்பா துலக்கிய செம்பு பளிச்சென்று தெரிந்தது.

தொப்பி அம்மாள் குனிந்து பார்த்தார். கைப்பையை மூடினார். "யார் கையும் படாததா, மிஸ்டர் லாத்ரப்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தார்.

"அவர்தான் எனக்கு வித்தாரு! ரசீது இருக்கு! இது என்னோட பொருள்!" என்று லாத்ரப் கத்தினார். உண்மைதான். குதிரை எங்களுக்குத் திரும்பி வரப்போவதில்லை. அது தெரிந்துதான் தேய்த்தேன்.

அப்பா அந்தப் பளபளப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிச்ச ஹாட் டாக்கை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார்.

"இன்னும் ரெண்டு பாக்கெட் இருக்கு, டெல்," என்றார். "அந்தத் துணியக் குடு."