மின்போர்வை

கிகுயோ மின்போர்வையின் ஓரத் தையலைக் கத்தரியால் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிவிடும் தூரத்தில், அந்த ஊர் வழக்கப்படி தலையை வடக்கே வைத்துக் கணவர் கென்சாகுவைக் கிடத்தியிருந்தார்கள். இறுதிச்சடங்குக்காரர் மதியம் வந்து அவர் வயிற்றின்மேல் உலர்பனிக்கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். சவப்பெட்டிக்குள் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, இந்தப் போர்வையை என்றாள்.

"உள்ள கம்பி இருந்தா தகனத்துக்கு ஆகாதும்மா. வெறும் துணின்னா தாராளமா வைக்கலாம்."

குளிர் தாங்காத மனிதருக்குச் செத்த பிறகும் பனிக்கட்டியா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர் வாசல் தாண்டுவதற்குள் கத்தரியைத் தேடி எடுத்துவிட்டாள்.

வருகிறவர்களுக்காகப் பக்கத்து வீட்டு மசுயோ தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப் போர்வையெல்லாம் பிடுங்கிட்டுப் போன மனுசன், சொந்த வீட்டுல ஒண்ணை விட்டுவெச்சிருந்தாரா?"

"எங்க அம்மா குடுத்தது. அலமாரி மேல கெடந்துச்சு."

"எங்க மாமியாரைப் பார்த்துக் குச்சி ஆன்டெனாவை நீட்டுனாரே, ஞாபகம் இருக்கா? 'உங்களுக்கு அடியிலேர்ந்துதான் சத்தம் வருது'ன்னார். கிழவி அதுக்கப்புறம் அவரோட பேசவே இல்ல." சிரிக்க ஆரம்பித்த மசுயோ, படுத்திருந்தவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மலைச்சரிவில் நிற்கும் வானொலித் தொலைநோக்கியின் பெரிய தட்டை வைத்து, தூரத்து விண்மீன் மண்டலங்களின் காந்தப்புலத்தை அளப்பது கென்சாகுவின் வேலை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாத புலம். அதைக் கடந்து வரும் வானொலி அலை துளியூண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலிருந்து புலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊருக்குள் ஒரு பழைய மின்போர்வையில் பொறி தெறித்தால் போதும், எல்லாம் அந்த இரைச்சலில் முங்கிவிடும். அதனால்தான் இரைச்சலைத் தேடிப் பிடிக்கும் குச்சி ஆன்டெனாவோடு வீடு வீடாக ஏறி, பழசை வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்துவிட்டு வந்தார்.

நேற்று மதியம் அந்தத் தட்டு அவருடைய மண்டலத்தைப் பார்க்கத் திரும்பியது. அதிலிருந்து சுருண்டு நீளும் கரங்களில் அளக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதில் புலம் உள்நோக்கி ஓடுகிறது என்பது அவர் கட்சி. அவரிடம் படித்து அவருடனேயே வேலைக்குச் சேர்ந்த உராபே, வெளிநோக்கி என்று சாதித்தார். ஒரு புட்டி சாக்கே மது பந்தயம். ஜெயித்தாலும் குடிக்க ஈரல் மிச்சமில்லை என்று கென்சாகுவே கிண்டல் செய்வார்.

புதுப் போர்வை பேருக்குத்தான் சுட்டது. அவர் பல் கிட்டித்து நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கிகுயோ முந்தாநாள் பழசை இறக்கியிருந்தாள். ஜன்னல் வழியே தட்டு திரும்புவதைக் கண்டதும் அவர் சொன்னார்:

"அதை அணைச்சுடு கிகுயோ. ஆரம்பிச்சுட்டாங்க."

அணைத்தாள். வெந்நீர்ப் புட்டியைக் காலடியில் வைத்தாள். கூடவே படுத்துக் கட்டிக்கொண்டும் பார்த்தாள். நடுக்கம் நிற்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லாமல் அவர் நடுங்கியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டி விசையைப் போட்டுவிட்டாள்.

மெல்ல உடம்பு அடங்கியது.

"அணைச்சியா?"

"அணைச்சுட்டேங்க."

"கதகதன்னு இருக்கே."

"வெந்நீர்ப் புட்டிங்க."

அவர் அவளையே பார்த்தார். ஊர்ப் போர்வைகளையெல்லாம் மோப்பம் பிடித்த மனிதர். "சரி," என்றார். அதன் பிறகு பேசவில்லை. வெயில் சாயும் நேரத்தில் மூச்சு நின்றது. அவள் முதல் வேலையாகப் போர்வையின் விசையை அணைத்தாள். அதற்கப்புறம்தான் ஊர் ஒலிபெருக்கியில் தினமும் போடும் ஐந்து மணிப் பாட்டு கேட்டது.

அந்தச் 'சரி' நேற்றிலிருந்து அவளைப் பிடுங்கித் தின்றது. அவரிடம் கடைசியாகச் சொன்னது பொய். அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஒன்றையும் கெடுத்தாகிவிட்டதோ என்று வேறு.

உராபே கறுப்பு உடையில் வந்து, ஊதுவத்தி ஏற்றி, தரையில் தலைபடக் கும்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன.

"அளந்தீங்களா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஒண்ணும் தேறாதுன்னுதாம்மா இருந்தோம். மதியத்திலேர்ந்து ஒரே இரைச்சல், ஊருக்குள்ளேர்ந்து. எவன் வீடோன்னு திட்டிக்கிட்டே இருந்தேன். அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி டக்குனு நின்னுடுச்சு. அப்புறம் மண்டலம் மறையற வரைக்கும் சுத்தம். போதுமானது கெடைச்சிடுச்சு."

அவர் பையிலிருந்து சாக்கே புட்டியை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தார். "உள்நோக்கிதான் சார். நீங்கதான் ஜெயிச்சீங்க."

கிகுயோவுக்கு அழுகை வரவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள்.

"எந்த வீடுன்னு பார்த்தாகணும். காரியம் முடிஞ்சதும் சாரோட குச்சியை எடுத்துக்கிட்டு நானே வீடு வீடா..."

உராபேயின் பார்வை அவள் மடிக்கு வந்தது. பிரித்த தையலிலிருந்து கம்பி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. மசுயோ கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"நான்தான்..." என்று ஆரம்பித்தாள் கிகுயோ.

உராபே கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்து வந்தார். கம்பியின் நுனியைப் பிடித்தார்.

"நீங்க துணியைப் பிடிச்சுக்குங்கம்மா. நான் இழுத்துச் சுத்திக்கிறேன்."

கம்பி வளைந்து வளைந்து நீளமாக வந்துகொண்டே இருந்தது. வெளியே ஐந்து மணிப் பாட்டு ஆரம்பித்தது, இருவரும் நிமிரவில்லை. கடைசி முழமும் வந்த பிறகு கிகுயோ எழுந்து, வெறும் துணியை அவர்மேல் விரித்தாள். கால் வரை எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.