மூன்றாம் படியில் தூங்கியவன்

எங்கள் குழுவை நாடெங்கும் அறியவைத்த அந்தப் பாட்டைக் காலின் முதன்முதலில் பாடிக் காட்டியது 1966 பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் கிடங்கின் மாடியில். காலின்தான் பாடகன், பேஸ் கிடாரும் அவனே. டெரிக் கிடார், நான் டிரம்ஸ். வேறு ஆள் கிடையாது.

பாட்டில் ஒரு கணவன் வருவான். கச்சேரி முடிந்து வீடு திரும்புபவன் மாடிக்குப் போகாமல் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்து, ஒரு ஷூவை மட்டும் கழற்றிவிட்டுத் தூங்கிப்போவான். மனைவி தன் கோட்டை அவன்மேல் போர்த்திவிட்டு, அன்றைய கதையையெல்லாம் அவனிடம் சொல்வாள். விழித்திருக்கும்போது சொன்னால் அவன் காதில் ஏறாது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெரிக்கோ கிடாரைத் தொடவே இல்லை. இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டான். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்றான் காலின், டெரிக்கின் முகத்தைப் பார்க்காமல்.

மே மாதத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வானொலியில் அந்தப் பாட்டுதான். ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் வேனில் போகும்போது டெரிக் சொன்னான்:

"மூணாம் படியில தூங்குறவன் நான்தான்டா. அது எனக்கும் மாவிஸுக்கும் மட்டும்தான் தெரியும். என் பொண்டாட்டி காலின்கிட்ட எங்க வச்சு, எப்போ சொன்னா?"

அன்றிலிருந்து அவன் மாவிஸின் கோட்டுப் பைகளைத் துழாவ ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமைகளில், காசு போட்டு இயந்திரத்தில் துவைத்துக்கொள்ளும் சலவைக் கடைக்குப் போகிறவள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறாள் என்று கணக்கு வைத்தான். செவ்வாய் மதியம் காலினும் கண்ணில் படுவதில்லை. அடுத்த செவ்வாய், டெரிக் வற்புறுத்தியதால் அந்தச் சலவைக் கடைக்கு வேனை ஓட்டினேன்.

சுழலும் இயந்திரங்களுக்கு எதிரே, ஒரே பெஞ்சில் இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருந்தார்கள். டெரிக் உள்ளே பாய்ந்தான். கைகலப்பு நிச்சயம் என்று நானும் பின்னால் ஓடினேன். மாவிஸின் மடியிலிருந்த நோட்டைப் பிடுங்கிப் புரட்டினான். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. அடித்துத் திருத்திய வரிகள்.

"என்ன இது?"

"நான் எழுதின பாட்டு," என்றாள் மாவிஸ். "நீ தினம் வாசிக்கிறியே, அதுவும் என்னோடதுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல்ல உன்கிட்டதான் குடுத்தேன். நீ படிக்காமலே அந்தப் பேப்பரை மடிச்சு, ஆம்ப்ளிஃபயர் ஆடாம இருக்க அடியில செருகின. அங்கேருந்துதான் காலின் எடுத்துப் படிச்சான். என் பேரை வெளியில விடாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

டெரிக் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். இயந்திரம் துணியைப் பிழிந்து முடித்தது. பிறகு ஈரத்துணி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான்.

அடுத்து அச்சான இசைத்தட்டுகளில் மாவிஸின் பெயர் இருந்தது. நிறுவனத்திடம் போய்ச் சொன்னவன் டெரிக்தான். ஆனால் அவனுக்குப் பழைய நிம்மதி திரும்பவில்லை. அவள் எழுதிய ஒவ்வொரு புதுப் பாட்டையும் முதல் ஆளாக வாங்கி, வரிவரியாகத் துருவிப் பார்ப்பான். இதில் வரும் ஆள் யார், நானா என்று கேட்பான்.

மாவிஸ் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.